பிபிபி இணைந்துவிட்டது, நெட் மட்டும் வரவில்லை: டிஃபால்ட் ரூட்டை யார் கையில் கொடுப்பது?

மோடம் டயல் ஆகிறது. லாகில் லோக்கல் ஐபி, ரிமோட் ஐபி என்று இரண்டு வரி விழுகிறது. மோடம் வழி இணைப்புக்கான (பிபிபி, பாயின்ட்-டு-பாயின்ட் புரோட்டோகால்) வாசலாகிய பிபிபி0 இன்டர்ஃபேஸும் எழுந்து நிற்கிறது. பிங் போட்டால் மட்டும் பதில் இல்லை. லினக்ஸில் டயல்-அப் வைத்து மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. அன்றைக்கு 56கே மோடம், இன்றைக்கு யுஎஸ்பி 4ஜி டாங்கிள் அல்லது ராஸ்பெர்ரி பையில் செருகிய ஜிஎஸ்எம் போர்டு. டயல் செய்யும் எண் *99# ஆகிவிட்டது, அவ்வளவுதான். உள்ளே ஓடுவது அந்த இணைப்பை நடத்தும் அதே பிபிபிடி நிரல், தகராறும் அதே தகராறு.

சிஸ்லாகைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் "நாட் ரீப்ளேசிங் எக்ஸிஸ்டிங் டிஃபால்ட் ரூட்" என்று ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே லான் ரவுட்டரின் ஐபி. லான் கார்டான ஈத்0 வழியாக ஏற்கெனவே ஒரு டிஃபால்ட் ரூட் (தனி வழி எழுதப்படாத பாக்கெட் எல்லாம் போகும் பொது வழி) இருக்கிறது, அதில் நான் கை வைக்க மாட்டேன் என்று பிபிபிடி ஒதுங்கிக்கொண்டது என்று அர்த்தம். இது பிழை இல்லை. தூரத்திலிருந்து லான் வழியாக எஸ்எஸ்எச்சில் உள்ளே வந்து மோடத்தை டயல் செய்து பார்ப்பவருக்கு இந்த அடக்கம்தான் இணைப்பைக் காப்பாற்றுகிறது.

இதைச் சரிசெய்ய ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எல்லாமே வேலை செய்யும், குறைந்தது அன்றைக்கு. மறுநாள் மெஷின் ரீபூட் ஆன பிறகும் வேலை செய்யுமா என்பதில்தான் வித்தியாசம். (ஒரு விஷயம்: கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து.)

முடிவு ஏன் நம் பக்கம் வருகிறது

லானில் டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாகப் பங்கிடும் முறை) ஓடினால் ஐபியோடு கேட்வேயும், அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரியும், சேர்ந்து வரும். பிபிபியில் அப்படி இல்லை. ஐபி முகவரிகளைப் பேசி முடிக்கும் வேலை ஐபிசிபி என்ற நெறிமுறையுடையது. 1992-இல் வந்த ஆர்எஃப்சி 1332 அது. இரு முனைகளின் முகவரியும் அதில் தீர்மானமாகும். டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) முகவரிகளையும் கேட்டு வாங்கும் வசதி 1995-இல் ஆர்எஃப்சி 1877-இல் சேர்ந்தது. கேட்வே என்றோ நெட்மாஸ்க் என்றோ எதிர்முனை எதுவும் அனுப்புவதில்லை. எந்தப் பாக்கெட் இந்தக் கம்பி வழியே போக வேண்டும் என்பதை முழுக்க இந்தப் பக்கத்து மெஷின்தான் முடிவு செய்கிறது. அந்த முடிவை எடுக்க மெஷினுக்குள் மூன்று நான்கு பேர் போட்டி போடுகிறார்கள்: லான் கட்டமைப்பு, டிஹெச்சிபி கிளையன்ட், பிபிபிடி, அதற்கு மேல் நாம் எழுதிவைத்த ஸ்கிரிப்ட். ஒரே உறையில் இத்தனை கத்தி. எந்த வழியைத் தேர்ந்தாலும் டிஃபால்ட் ரூட்டை எழுதுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், அல்லது எழுதுபவர்களுக்குள் முறையான வரிசை இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொன்றையும் நான் எடைபோடுவது இந்தக் கணக்கில்தான்.

முதலில் நோய் ரூட்தானா?

"ஐபி ரூட் கெட் 8.8.8.8" என்று தட்டினால் அந்த முகவரிக்குப் போகும் பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக, எந்த சோர்ஸ் ஐபியோடு கிளம்பும் என்று கெர்னலே சொல்லிவிடும். ரூட்டிங் டேபிள் முழுவதையும் பார்த்து மண்டையை உடைப்பதைவிட இது மேல்.

பிங் தோற்கும் விதத்தையும் கவனியுங்கள். "நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்" என்று உடனே வந்தால் டிஃபால்ட் ரூட்டே இல்லை. நம் சொந்த லான் ஐபியின் பெயரில் "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" வந்தால் பாக்கெட் ஈத்0 பக்கம் போயிருக்கிறது, அங்கே கேட்வே என்று எழுதிய ஆள் ஏஆர்பிக்கு (இந்த ஐபி யாருடையது என்று லானில் கேட்கும் கேள்வி) பதில் சொல்லவில்லை. ஒன்றுமே வராமல் வெறும் மௌனம் என்றால் இரண்டில் ஒன்று: நெட் இல்லாத ஒரு ரவுட்டர் பாக்கெட்டை வாங்கி விழுங்குகிறது, அல்லது பாக்கெட் பிபிபி0 வழியாகச் சரியாகவே போய் எதிர்ப்பக்கம் தொலைகிறது. போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பை பிபிபி0-வில் ஓடவிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

எண்ணால் பிங் போகிறது, பெயரால் போகவில்லை என்றால் ரூட்டைத் தொடாதீர்கள், டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். சின்னப் பக்கம் வருகிறது, பெரிய பக்கம் பாதியில் தொங்குகிறது என்றால் அது எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு பற்றிய தகராறு.

இன்னொன்று பலரையும் வீணாக அலைக்கழிக்கும். மொபைல் மோடம்களில் ரிமோட் ஐபி 10.64.64.64 என்று வரும். அதைப் பிங் செய்தால் பதில் வராது. வர வேண்டியதும் இல்லை. எதிர்முனை தன் முகவரியைச் சொல்லாதபோது பிபிபிடி தானே போட்டுக்கொள்ளும் ஒப்புக்கான முகவரி அது. இரு முனை மட்டுமே உள்ள கம்பியில் எதிராளியின் முகவரி பொய்யாக இருந்தாலும் பாக்கெட் போய்ச் சேரும். "டிஃபால்ட் டெவ் பிபிபி0" என்று கேட்வேயே இல்லாமல் ரூட் போட முடிவதும் அதனால்தான்.

லானிலிருந்து கேட்வேயை எடுத்துவிடுவது

மெஷினின் லான் பக்கம் கேமராவோ மீட்டரோ கன்ட்ரோலரோ மட்டும் இருக்கிறது, வெளியுலகத்துக்கு மோடம் ஒன்றுதான் வழி. இப்படிப்பட்ட மெஷினுக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். லான் கட்டமைப்பில் கேட்வே வரியை நீக்குங்கள். பக்கத்து மெஷின்களை அடைய கேட்வே தேவையே இல்லை. ஈத்0-க்கு முகவரி போட்டதுமே அந்த சப்நெட்டுக்கான ரூட்டைக் கெர்னல் தானாகவே எழுதிவிடும்.

டெபியனின் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் என்றால் ஒரு வரியை அழித்தால் முடிந்தது. டிஹெச்சிபி என்றால் கேட்வேயை வாங்காதே என்று கிளையன்டிடம் சொல்ல வேண்டும்: டிஹெச்சிபிசிடியில் "நோகேட்வே", நெட்வொர்க் மேனேஜரில் "நெவர்-டிஃபால்ட்". லான் ரவுட்டருக்கு அப்பால் இன்னொரு அலுவலக சப்நெட் இருந்தால் அதற்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டாடிக் ரூட் எழுதுங்கள்.

இதன் அழகு, பிபிபிடியின் வழக்கமான "டிஃபால்ட்ரூட்" ஆப்ஷனே போதும் என்பது. இணைப்பு வந்தால் ரூட் வரும், அறுந்தால் போகும். ஸ்கிரிப்ட் வேண்டாம், எது முதலில் எழுந்தது என்ற கவலையும் வேண்டாம். குறை ஒன்றே: மோடம் படுத்துவிட்டால் வெளியே போக வழியே இல்லை. அந்த மெஷினுக்கு அது எப்படியும் உண்மைதானே.

ரீப்ளேஸ்டிஃபால்ட்ரூட்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் மருந்து இதுதான். மோடத்தை டயல் செய்யும் டபிள்யூவிடயல் நிரலைப் பயன்படுத்துபவர்கள் பிபிபியின் பியர்ஸ் ஃபோல்டரில் உள்ள அதன் ஃபைலில் இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தால் உடனே நெட் வந்துவிடும். டபிள்யூவிடயல் "டிஃபால்ட்ரூட்" ஆப்ஷனைத் தானாகவே பிபிபிடிக்குக் கொடுத்துவிடுகிறது, விடுபட்டிருந்தது இந்தத் துணை வார்த்தை மட்டும்தான்.

இந்த ஆப்ஷன் பழைய டிஃபால்ட் ரூட்டை ஓரங்கட்டி வைத்துக்கொண்டு புதியதைப் போடும். ஒழுங்காக இணைப்பை முடித்தால் பழையதைத் திருப்பி வைக்கும். "ஒழுங்காக" என்பதில்தான் சிக்கல். பிபிபிடியைக் கில் -9 போட்டு வலுக்கட்டாயமாக நிறுத்தினால் பிபிபி0-வும் அதன் ரூட்டும் போய்விடும், பழையதைத் திருப்பி வைக்க ஆள் இருக்காது. லானும் இல்லை, மோடமும் இல்லை என்ற நிலை. இணைப்பு ஓடும்போது யாராவது லான் கேபிளைக் கழற்றி மாட்டினால் டிஹெச்சிபி கிளையன்ட் தன் ரூட்டை மறுபடி கொண்டுவந்து வைக்கும், நெட் மறுபடி காணாமல் போகும். வேறு சப்நெட்டிலிருந்து லான் கேட்வே வழியாக எஸ்எஸ்எச்சில் இருப்பவரின் செஷன் டயல் ஆன நொடியில் உறைந்துவிடும்.

பல காலம் இந்த ஆப்ஷன் டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்கள் தாங்களே ஒட்டிய பேட்ச்சாகத்தான் இருந்தது. அது இல்லாத பழைய பிபிபிடியில் எழுதினால் "அன்ரெகக்னைஸ்டு ஆப்ஷன்" என்று சொல்லிவிட்டு டயல் செய்யாமலே வெளியேறிவிடும். லேப்டாப்பில் உட்கார்ந்து கையால் டயல் செய்து, வேலை முடிந்ததும் கையால் துண்டிப்பவருக்கு இது நல்ல வழி. ஆளில்லாத மெஷினுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

மெட்ரிக்

லானிலும் நெட் இருக்கிறது, அது போனால் மோடம் கைகொடுக்க வேண்டும் என்றால் இரண்டு டிஃபால்ட் ரூட்டும் டேபிளில் இருக்கட்டும், மெட்ரிக் (ரூட்டின் முன்னுரிமை எண்) மட்டும் வேறாக இருக்கட்டும். சின்ன எண் ஜெயிக்கும். பிபிபிடியின் 2.4.8 பதிப்பிலிருந்து "டிஃபால்ட்ரூட்-மெட்ரிக்" என்ற ஆப்ஷன் இருக்கிறது. மெட்ரிக் கொடுத்தால், அதே மெட்ரிக்கில் வேறொரு டிஃபால்ட் ரூட் இருக்கும்போது மட்டும்தான் பிபிபிடி ஒதுங்கும். லானுக்கு 100, மோடத்துக்கு 700 என்று கொடுத்தால் அந்த அடக்க வரி லாகில் வராது.

நெட்வொர்க் மேனேஜரும் இதே கணக்கில்தான் ஓடுகிறது: ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600, ஜிஎஸ்எம் மோடத்துக்கு 700. கையால் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டர்ஃபேசஸ் ஃபைலில் மெட்ரிக் குறிப்பிடாமல் கேட்வே எழுதினால் அது 0. அதைவிடச் சின்ன எண் கிடையாது. மோடத்துக்கு முன்னுரிமை தர விரும்பினால் லானின் எண்ணைத்தான் ஏற்ற வேண்டும், மோடத்தினுடையதைக் குறைத்துப் பயனில்லை.

இந்த வழியில் எல்லோரும் எதிர்பார்ப்பது: லான் போனால் தானாக மோடத்துக்கு மாறும். நடப்பது பல நேரம் வேறு. கேபிளைப் பிடுங்கினால்கூட ஈத்0-வின் டிஃபால்ட் ரூட்டைக் கெர்னல் அழிப்பதில்லை. "லிங்க்டவுன்" என்று முத்திரை மட்டும் குத்திவிட்டு அதையே தொடர்ந்து பயன்படுத்தும். நெட்வொர்க் மேனேஜரோ டிஹெச்சிபிசிடியோ இருந்தால் அவை கேபிள் போனதைப் பார்த்து ரூட்டை எடுத்துவிடும். வெறும் ஸ்டாடிக் கட்டமைப்பு என்றால் "இக்னோர்_ரூட்ஸ்_வித்_லிங்க்டவுன்" என்ற கெர்னல் அமைப்பை (சிஸ்சிடிஎல்) 1 ஆக்கினால்தான் மெட்ரிக் வேலை செய்யும்.

அதைவிட அடிக்கடி நடப்பது, கேபிள் இருக்கும், ரவுட்டர் இருக்கும், அதற்கு அப்பால் நெட் செத்திருக்கும். மெட்ரிக்குக்கு இது தெரியவே தெரியாது. யாராவது வெளியே எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நெட்வொர்க் மேனேஜரில் கனெக்டிவிட்டி செக்கை இயக்கிவைத்தால், வெளியே போக முடியாத இணைப்பின் மெட்ரிக்கில் 20000-ஐக் கூட்டி அதைக் கடைசிக்குத் தள்ளிவிடும். அது வேண்டாம் என்றால் இரண்டு இன்டர்ஃபேஸ் வழியாகவும் மாறிமாறிப் பிங் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்களே எழுத வேண்டியதுதான். எப்படி மாறினாலும் ஏற்கெனவே திறந்திருந்த டிசிபி இணைப்புகள் பழைய சோர்ஸ் ஐபியையே பிடித்துக்கொண்டு தொங்கும், அவற்றைப் புதிதாகத் தொடங்கத்தான் வேண்டும்.

ஐபி-அப் ஸ்கிரிப்ட்

இணைப்பு வந்ததும் பிபிபிடி ஓடவிடும் ஸ்கிரிப்ட்டில் பழைய ரூட்டை அழித்துப் புதியதை எழுதுவது ரொம்பப் பழைய பழக்கம். டிஃபால்ட் ரூட்டுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். இன்னொரு கத்தியை உறைக்குள் செருகுவது இது. ரூட் ஏற்கெனவே இருந்தால் "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று கட்டளை தோற்கும், அந்தச் செய்தி உங்கள் கண்ணில் படாது. ஐபி-அப் எழுதும் எல்லா அவுட்புட்டும் எதையும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத்தான் போகிறது.

ஆனால் குறிப்பிட்ட சில ரூட்களுக்கு இதுவே சரியான இடம். டெபியனில் ஐபி-அப்.டி ஃபோல்டரில் போடும் ஸ்கிரிப்ட்டின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. "ரூட்.எஸ்ஹெச்" என்று பெயர் வைத்தால் ஃபோல்டரில் உள்ளவற்றை ஓட்டும் ரன்-பார்ட்ஸ் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எக்ஸிக்யூட் அனுமதியும் வேண்டும். முதல் வரிகளில் லாகர் கட்டளை ஒன்றைப் போட்டுவையுங்கள், ஓடியதா இல்லையா என்றாவது சிஸ்லாகில் தெரியும்.

எந்த மாதிரி ரூட்கள்? நல்ல உதாரணம் ஒன்று. அலுவலக லான் 10.0.0.0/8, அதாவது 10-இல் தொடங்கும் எல்லா முகவரியும் லானுக்கே, என்று தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். மொபைல் நிறுவனம் கொடுக்கும் டிஎன்எஸ் முகவரியும் 10-இல் தொடங்குகிறது. டிஃபால்ட் ரூட் பிபிபி0-வில் கச்சிதமாக இருக்கிறது, 8.8.8.8-க்குப் பிங் போகிறது, பெயர் மட்டும் தீர்வதில்லை. மேலே சொன்னபடி டிஎன்எஸ்ஸைப் பார்த்தால் ரிசால்வ்.கான்ஃபில் எல்லாம் சரி. ரூட் கெட் கட்டளைக்கு டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்: ஈத்0 என்று காட்டும். டிஃபால்ட்டைவிட /8 குறுகலானது, குறுகலானதே ஜெயிக்கும். இங்கே மெட்ரிக், ரீப்ளேஸ், கேட்வே நீக்கம் எதுவும் உதவாது. "யூஸ்பியர்டிஎன்எஸ்" கொடுத்திருந்தால் டிஎன்எஸ்1, டிஎன்எஸ்2 என்ற வேரியபிள்களில் (இவை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து) முகவரிகள் ஸ்கிரிப்ட்டுக்கு வந்து சேரும். அவற்றுக்கு பிபிபி0 வழியாக /32 ரூட் (ஒரே ஒரு முகவரிக்கான ரூட்) இரண்டு போட்டால் தீர்ந்தது. லானின் மாஸ்க்கைச் சுருக்குவதுதான் முறையான வைத்தியம், ஆனால் அது பல நேரம் நம் கையில் இல்லை.

பாலிசி ரூட்டிங்

இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும், எந்த வழியாக வந்த கேள்விக்கும் அதே வழியாகப் பதில் போக வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு வழியில்லை. லினக்ஸ் 2.2 கெர்னலிலிருந்து இருக்கிற வசதி. டேபிள் 100 என்று தனியாக ஒன்று, அதில் பிபிபி0 வழியாக டிஃபால்ட் ரூட். பிபிபி0-வின் ஐபியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுகள் டேபிள் 100-ஐப் பார்க்கட்டும் என்று ஒரு ரூல். மெயின் டேபிளின் டிஃபால்ட் ரூட் ஈத்0-விலேயே இருக்கலாம், யாரும் யாரோடும் மோதுவதில்லை.

இது இல்லாமல் என்ன ஆகும் என்று பாருங்கள். வெளியிலிருந்து ஒருவர் பிபிபி0-வின் ஐபிக்கு எஸ்எஸ்எச் செய்கிறார். பாக்கெட் வந்து சேர்கிறது. பதில் டிஃபால்ட் ரூட்டைப் பார்த்து ஈத்0 வழியாக வெளியேறப் பார்க்கும். ஆர்பி-ஃபில்டர் (பாக்கெட் வந்த வழியேதான் பதிலும் போகுமா என்று பார்க்கும் கெர்னல் சோதனை) 1 என்று கண்டிப்பில் இருந்தால் வந்த பாக்கெட்டையே கெர்னல் வாசலில் தள்ளிவிடும். டிசிபிடம்பில் இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் வருவது தெரியும், பதில் மட்டும் எங்கும் தெரியாது. சோர்ஸ் ஐபி ரூல் சரியாக இருந்தால் இந்த ஃபில்டரும் வழிவிட்டுவிடும். ஐபிடேபிள்ஸ் மார்க் வைத்துப் பிரிப்பவர்கள் அதை 2 ஆக்க வேண்டிவரும்.

பராமரிப்பில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு டயலுக்கும் ஐபி மாறும், ஆகவே ரூலை ஐபி-அப்பில் சேர்த்து ஐபி-டவுனில் அழிக்க வேண்டும். பிபிபி0 போனதும் டேபிள் 100-இல் உள்ள ரூட் தானாகப் போய்விடும், ரூல் போகாது. ஐபி-டவுனை மறந்தால் செத்த ஐபிகளின் பெயரில் ரூல்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு இது தேவைப்படாது. சாதாரண சிம்மில் கிடைக்கும் ஐபி நிறுவனத்தின் நேட்டுக்கு (பலர் ஒரே வெளி ஐபியைப் பகிரும் முறை) பின்னால் இருப்பது, 10-இல் தொடங்கும் அல்லது 100.64.0.0/10-க்குள் இருக்கும். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவே முடியாது. பிரைவேட் ஏபிஎன் அல்லது ஸ்டாடிக் ஐபி வாங்கியவர்கள், விபிஎன் டனல் ஒன்றை மோடம் வழியாகவே கட்ட வேண்டியவர்கள், இவர்களுக்குத்தான் இது.

ஃப்ரீபிஎஸ்டிக்காரர்களுக்கு இத்தனை தலைவலி இல்லை. அங்கே யூசர்-பிபிபியின் கட்டமைப்பில் "ஆட் டிஃபால்ட் ஹிஸ்அட்ர்" என்று ஒரு வரி. ஏற்கெனவே ரூட் இருந்தால் அது தோற்கும். ஆட் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் இருப்பதை மாற்றிவிடும். இருந்தாலும் ஆர்சி.கான்ஃபில் உள்ள "டிஃபால்ட்ரவுட்டர்" வரியை எடுத்துவிடுவதே அங்கும் நிம்மதி.

ராஸ்பெர்ரி பையில் 2023-இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க் மேனேஜர்தான் இயல்பாக வருகிறது. அதைப் போட்டுவிட்டு, பக்கத்தில் டபிள்யூவிடயலையும் தனியாக ஓடவிட்டு, "நேற்று வேலை செய்தது" என்று புலம்புபவர்கள் நிறைய. மோடத்தையும் நெட்வொர்க் மேனேஜர், மோடம் மேனேஜர் ஜோடியிடமே கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுக்க முடியாத பழைய சீரியல் மோடம் என்றால் மேனேஜரிடம் லானை மட்டும் விட்டு "நெவர்-டிஃபால்ட்" போட்டுவிட்டு, டிஃபால்ட் ரூட்டை பிபிபிடியிடம் விடுங்கள். டாங்கிள் தானே ஒரு ஈதர்நெட் கார்டு போல வந்து நின்றால் பிபிபியே கிடையாது, மெட்ரிக் பகுதி மட்டும் உங்களுக்குப் பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் சோதிக்கும்போது மோடத்தை மட்டும் மறுபடி டயல் செய்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மெஷினை முழுசாக ரீபூட் செய்யுங்கள், ஏனென்றால் ஈத்0 முதலில் எழுவதும் பிபிபி0 முதலில் எழுவதும் வேறு வேறு விளைவு தரும். அப்புறம் லான் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பிபிபிடியை ஒரு தடவை கில் -9 போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரூட் கெட் கட்டளையை மூன்று முகவரிக்கு ஓட்டுங்கள்: வெளியுலக ஐபி ஒன்று, லானில் உள்ள ஒரு மெஷின், ரிசால்வ்.கான்ஃபில் அந்த நேரத்தில் எழுதியிருக்கும் டிஎன்எஸ். மூன்றாவதை மறக்காதீர்கள், முதல் இரண்டும் சரியாக இருந்து அது மட்டும் ஈத்0 பக்கம் போவதை ரீபூட்டுக்குப் பிறகுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.